பிடியரிசி யார் கணக்கில்?

கர்த்தருக்காகத் தன்னை வெறுப்பதற்கும் இப்போது எங்கள் பக்கத்தில் ப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் போன லெந்து காலத்தில் ஒரு போர்டு நின்றது. 21 நாள் உபவாச ஜெபம். தலைப்பு: தாழ்மை. பிரசங்கியாரின் படம் ஆள் உயரத்துக்கு மேல். அவருக்குக் கீழே கமிட்டிக்காரர்கள் வரிசை வரிசையாகக் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். அடியில் சின்ன எழுத்தில், வருகிற அனைவருக்கும் மதிய உணவு உண்டு என்ற தகவல். உபவாசத்துக்கு வருகிறவனுக்கு மதியச் சாப்பாடு எதற்கு என்று கேட்கக் கூடாது. உபவாசம் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காலைப் பலகாரம் சாப்பிடாமல் மத்தியானம் வரை இருப்பதற்கு எங்கள் ஊரில் முன்பு களையெடுப்பு என்று பெயர்.

கேலி பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. வேதக்காரர் வீட்டில், அதாவது கிறிஸ்தவ வீட்டில், பிறந்தவன். குண்டாற்றுக்கு அந்தப் பக்கம், கரிசலும் செவலும் கலந்த மானாவாரிப் பூமி எங்களுடையது. மழை பெய்தால் கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம். இப்படிப்பட்ட பூமியில் பிறந்தவனிடம் போய் உன்னை நீ வெறுத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூமியே அந்தப் போதனையை நடத்திக்கொண்டிருந்தது.

அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து வேலை தொடங்கியது 1834-ல். அங்கிருந்து கிளை விட்டு, எங்கள் சீமையில் மண்டபசாலையில் ஒரு நிலையம் போட்டார்கள். பிறகு 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். கஞ்சித்தொட்டிகள் திறந்த காலம். அந்தக் காலத்தை ஒட்டி வேதத்தில் சேர்ந்தவர்களைக் கஞ்சிக்கு வந்தவர்கள் என்று சொல்கிற வாய் இன்றைக்கும் ஊரில் உண்டு. சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பசித்தவன் கஞ்சி ஊற்றுகிற இடத்துக்குத்தான் போவான், வேறெங்கே போவான்? வேடிக்கை அதற்குப் பிறகுதான். அரிசிக்காக வந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களிடம் சபை கேட்ட காணிக்கையும் அரிசிதான்.

அதுதான் பிடியரிசி. உலைக்கு அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். வேதக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல இது. பக்கத்தில் விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, நாடார்களின் மகமையாலும் வீடுவீடாக வாங்கிய பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளிக்கூடம். காமராஜர் படித்தது அங்கேதான். காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் என்று ஊர் ஊராகச் சொன்னார். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1910-ல் தொடங்கிய பிடியரிசி இன்றுவரை நின்றபாடில்லை, வரவு கோடிக்கணக்கில். லண்டனில் இரட்சணிய சேனையார் 1886-ல் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். ஒரு வருடம் புட்டிங் சாப்பிடாமல் இருந்து, மிச்சமாகும் பணத்தைத் தருகிறேன் என்று அவர்களுடைய அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்தாராம். ஒருவர் வருடம் முழுக்க விடுவதைவிட எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் எதையாவது விடலாமே என்று சேனையின் தலைவர் வில்லியம் பூத்துக்குத் தோன்றியது. அப்படித்தான் அவர்களுடைய சுயவெறுப்பு வாரம் பிறந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், புட்டிங் என்றால் என்ன என்று முதலில் கேட்டிருப்பாள். விளங்கிய பிறகு, தினமும் அதைத் தின்கிற வீடும் உலகத்தில் இருக்கா என்று கேட்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் அரிசிக்கே வழியில்லை. நெல்லுச்சோறு கிறிஸ்துமஸுக்கும் அறுப்புப் பண்டிகைக்கும், யாராவது செத்தால் பதினாறாம் நாளுக்கும். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், சோளச்சோறு, வாய்த்தால் குதிரைவாலி. எனவே பிடியரிசி என்று பெயரே தவிர, பிடியில் வந்தது பெரும்பாலும் கம்பும் குதிரைவாலியும்தான். அடுப்பங்கரை மூலையில், உறிக்குக் கீழே, ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருக்கும். பெண்கள் சங்கத்தில் ஆளுக்கொன்று கொடுத்தது. மேலே ஒட்டிய காகிதத்தில் வீட்டு ஆம்பளையின் பெயர் எழுதியிருக்கும். எங்கள் டப்பாவில் தாத்தாவின் பெயர். ஆயுசில் ஒரு நாளாவது அவர் அந்த டப்பாவைத் தொட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்பத்தா அளப்பது உழக்கால். அளந்ததைச் சுளகில் கொட்டி, புடைத்து, கல் பொறுக்கி, கடைசியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவாள். அப்போது கண்ணை மூடிக்கொள்வாள். வாய் எதையோ முணுமுணுக்கும். கைக்குள் எத்தனை வந்திருக்கிறது என்று பார்க்க மாட்டாள். டப்பாவில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். முதலில் தகரத்தில் சரசரவென்று, வாரக் கடைசியில் சத்தமே இல்லாமல்.

ஒரு வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து பொய்த்தன. கண்மாய்க்குள் மாடு மேய்ந்தது. அளப்பது உழக்கிலிருந்து ஆழாக்குக்கு இறங்கிவிட்டது. அப்பத்தாவின் கை மட்டும் டப்பாவை மறக்கவில்லை. சித்திக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தே, பிள்ளைக வயிறு காயுது. இதுல கோயிலுக்கு வேற எடுக்கணுமா?"

"காயுற வயித்துல எடுத்தாத்தேன் காணிக்கை. மிஞ்சுனதப் போட்டா அதுக்குப் பேரு கழனித்தண்ணி, மாட்டுக்குத்தேன் ஆகும்."

இந்தப் பதிலை நான் வெகுகாலம் மேடைகளில் சொல்லிவந்தேன். வாத்தியார் உத்தியோகத்தில் இருந்தபோது வாலிபர் கூடுகைகளுக்குப் பேசக் கூப்பிடுவார்கள். அப்பத்தாவின் பிடியைச் சொன்னால் கூட்டம் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அம்மாவும் ஒருமுறை அப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரிதேன் தம்பி. பிடிய எடுத்தது அவுக. தண்ணிய குடிச்சது நானு."

கணக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. வீட்டில் முதலில் தாத்தாவும் அப்பாவும் சாப்பிடுவார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு மாமியார். மருமகள் கடைசி. ஆழாக்கில் ஒரு பிடி குறைந்தால் அது தாத்தாவின் கும்பாவில் குறையாது, எங்கள் வட்டிலிலும் குறையாது. பானையின் அடியில் குறையும். அடியில் இருப்பது அம்மாவின் பங்கு. அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொடுத்தாள். என்ன குறைந்தது என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தவள் அம்மா. அப்பத்தாவைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளும் ஒரு காலத்தில் யாருக்கோ மருமகளாக இருந்து பானையின் அடியைச் சுரண்டியவள்தான். அதற்கு முந்தினவளின் பிடியை அவள் சுமந்திருப்பாள்.

அந்த அரிசி எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில்பிள்ளை சாக்கை விரிப்பார். டப்பாக்கள் வரிசையாகக் கவிழும். சில வாரம் ஏலம் விடுவார்கள். பல வாரம் உபதேசியார் வீட்டுக்குப் போகும், அது அவர் சம்பளத்தில் ஒரு பகுதி. ஊரார் பார்வையில் உபதேசியார் கொடுத்துவைத்தவர். ஆனால் அந்தச் சாக்கில் இருந்தது என்ன? ஒரு வீட்டுப் புழுங்கல், ஒரு வீட்டுப் பச்சை, கம்பு, சோளக்குருணை, குதிரைவாலி, போன வருடத்துப் பழசு, நேற்று குத்திய புதுசு. பல வீட்டு அரிசி ஒரே கொதியில் வேகாது. ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று பல்லை உடைக்கும். உபதேசியார் வீட்டு அம்மா வாரம் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பார். சபை மக்களின் ஐக்கியம் என்ற தலைப்பில் உபதேசியார் பிரசங்கிக்கும்போதெல்லாம் அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

ஆண்களும் வெறுக்காமல் இல்லை. தாத்தா மூக்குப்பொடியை வெறுத்தார். வருடந்தோறும் வெறுத்தார். இந்த லெந்து சமாசாரம் எங்கள் பக்கம் பின்னால் வந்ததுதான். அமெரிக்கன் மிஷன்காரர்கள் காங்கிரகேஷனல் சபையார், நாற்பது நாள் அனுசரிப்பு அவர்களுடைய வழக்கத்தில் பெரிதாக இல்லை. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன பிறகு சாம்பல் புதனும் லெந்து ஒழுங்கும் மெல்ல ஊருக்குள் நுழைந்தன. நுழைந்ததும் தாத்தா பிடித்துக்கொண்டார். சாம்பல் புதனன்று பொடிமட்டையைக் கூரையில் செருகிவிடுவார். அன்று சாயங்காலமே வீட்டில் சிலுவைப்பாடு தொடங்கிவிடும். உப்பு கூடிவிட்டது, மாடு தண்ணி குடிக்கவில்லை, பிள்ளை ஏன் சிரிக்கிறான், கதவு ஏன் கிரீச்சென்கிறது. இரண்டாவது வாரத்தில் கன்றுக்குட்டிகூட அவர் பக்கம் போகாது. மூன்றாவது வாரம் அப்பத்தா திருச்சுழிச் சந்தைக்குப் போய், சீரகம் கடுகோடு ஒரு மட்டைப் பொடியும் வாங்கி வந்து, அவர் படுக்கிற கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய் முழங்காலில் நிற்பாள். யாருக்காக மன்னிப்புக் கேட்டாள் என்று தெரியாது. மறுநாள் வீடு வீடாக இருக்கும். தாத்தா மட்டும் உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை பொடி போடாதவர்போலவே கோயிலில் உட்கார்ந்திருப்பார். மூக்கு காட்டிக்கொடுக்கும்.

எங்கள் சீமை துறவுக்குப் பேர்போனது, தாத்தாவை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. கிழக்கே போனால் ஓரியூர். அருளானந்தர், போர்த்துக்கலில் அரசவைச் சூழலில் வளர்ந்தவர், இங்கே பண்டார சாமியாராகக் காவி கட்டி, இறைச்சியும் மீனும் தொடாமல், வெறுங்காலோடு மறவர் சீமையில் நடந்தவர். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அவர் தன்னை வெறுத்ததில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு வெறுப்பு இருக்கிறது. நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்ட மறவர் இளவரசர் தடியத்தேவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேவர் தியாகம் செய்தார். ஜீவனத்துக்கு வழி செய்துதான் விலக்கினார் என்கிறார்கள். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, அந்தச் சீமையின் ராஜா கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கடலாயியை வில்லியாகத்தான் காட்டினார்கள். ஒரு நாள் காலையில் புருஷன் வந்து, எனக்கு மோட்சம் வேண்டும், நீ போய்விடு என்றால் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்த டீச்சரும் கேட்கவில்லை.

திருச்சுழியிலேயே இன்னொருவர் பிறந்தார். 1879 டிசம்பர் 30-ல், திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. மதுரையில் அவர் படித்தது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான், அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். வேதப் பாடம் காதில் விழுந்துதான் இருக்கும். 1896 ஆகஸ்டில், அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் கையிலிருந்த மிச்சக் காசைக் குளத்தில் எறிந்தார். நாங்கள் வருடந்தோறும் தவணை கட்டிவந்ததை அவர் ஒரே நாளில் தீர்த்துவிட்டார். திருச்சுழிக்காரர்கள், வேதக்காரர் உட்பட, அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவோம். அழகம்மாளைப் பற்றிப் பேச்சு குறைவு. பிள்ளையைத் தேடிப்போய் அழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தாய். பிற்காலத்தில் அங்கேயே போய்த் தங்கினார். அவர் போன பிறகுதான் கந்தாசிரமத்தில் ஒழுங்காக அடுப்பெரிந்தது.

எனக்கு விவரம் தெரிந்து கன்வென்ஷன் கூட்டங்கள் பெருகியது, எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சரான 1977-ஐ ஒட்டி. பொட்டலில் ட்யூப் லைட், குழாய் ஸ்பீக்கர், வைக்கோல் பரப்பின தரை. கடைசி நாள் ஒப்புக்கொடுக்கிற நாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், முழுசா ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை மட்டும் உயர்த்த வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்பார்கள். பையன்கள் பார்ப்போம். கையைத் தூக்குகிறவர்களில் பத்துக்கு எட்டு பேர் பெண்கள். ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்து முடித்தவர்கள், இன்னும் எதைக் கொடுக்க என்று தெரியாமல் தூக்கிய கைகள் அவை. ஆம்பளைகள் முதுகு சொறிவதுபோலக் கையைக் கொஞ்சம் தூக்கி, சாட்சி இல்லாமல் இறக்கிக்கொள்வார்கள்.

எங்கள் அக்கா அப்படியொரு ராத்திரியில் நகையை ஒப்புக்கொடுத்தாள். கம்மல், மூக்குத்தி, ஒரு ரெட்டை வடம். இனிமேல் பொன் பூண மாட்டேன், பூவும் வைக்க மாட்டேன் என்றாள். மல்லிகை விளைகிற ஊரில் வாக்கப்பட்டவள். விடிகாலை நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு போய் மொட்டெடுத்து, மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, மொட்டைக் காதோடும் வெறுங்கொண்டையோடும் கோயிலுக்கு வருவாள். அத்தான் ஸ்தோத்திரம் சொன்னார். நகை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அடகுக்கடையில் வைத்து போர்வெல் போட்டார். தண்ணீர் வந்தது, உப்பாக. அத்தான் ஒரு மோதிரம் போட்டிருப்பார். அது கல்யாணத்தில் மாமனார் போட்டது, கழற்றினால் மரியாதையில்லை என்பது அவர் விளக்கம்.

இது அந்தக் காலம். இந்தக் காலத்துக்கு வருகிறேன்.

பிடியரிசிக்கு முதல் அடி கொடுத்தது அவிசுவாசம் அல்ல, ரேஷன் கடை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. அரிசி வெறும் இலவசப் பொருளான பிறகு அதில் ஒரு பிடியை வெறுப்பதில் என்ன கஷ்டம்? டப்பாக்கள் நிரம்பி வழிந்தன. சபை சரித்திரத்தில் அத்தனை பிடியரிசி வந்ததில்லை, அத்தனை குறைந்த விலைக்குப் போனதும் இல்லை. கோழித்தீவனக்காரர் சாக்கோடு வாசலில் காத்திருந்தார். பிறகு கமிட்டி கூடி, அரிசிக்குப் பதில் கவரில் பணம் போடலாம் என்றது. இப்போது கவரும் இல்லை. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. ஜிபே போதகர் ஐயாவின் கைப்பேசியில் மட்டுமல்ல, கணவன்மார் கைப்பேசியிலும்தான் இருக்கிறது. ஆகவே முதல்முறையாக ஆம்பளைகள் தங்கள் கையால் காணிக்கை கொடுக்கிறார்கள். இதை நான் மனதார முன்னேற்றம் என்றே சொல்வேன்.

எந்தக் குதிரைவாலியை இல்லாத கொடுமைக்குத் தின்றோமோ, அது இப்போது அருப்புக்கோட்டை சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பாக்கெட்டில் பொன்னி அரிசியைவிட அதிக விலைக்கு நிற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-ல், லெந்து நாற்பது நாளும் அரிசியை வெறுத்துச் சிறுதானியம் மட்டும் என்று எங்கள் உறவில் ஒரு குடும்பம் பொருத்தனை செய்தது. குதிரைவாலிப் பொங்கல், தினைப் பாயசம், வரகு பிரியாணி. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அவர்கள் மளிகைக் கணக்கைப் பார்த்தேன். சிலுவை கனமாகத்தான் இருந்தது.

டாக்டர்கள் பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்கச் சொல்கிறார்கள். ஆகவே சகோதரர்கள் பலர் ராத்திரி எட்டு மணிக்குக் கைகழுவிவிட்டு மறுநாள் பன்னிரண்டுக்குத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே பட்டினி, கர்த்தருக்கும் ஆயிற்று, கொலஸ்ட்ராலுக்கும் ஆயிற்று. இளசுகள் வாட்ஸ்அப்பை வெறுக்கிறார்கள். வெறுத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு வெறுக்கிறார்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை நான்கு மணி ஆராதனைக்கு வருகிறபோது வாசலிலேயே திரும்ப உயிர்ப்பித்துவிடுகிறார்கள்.

என் தம்பி மகன் நல்ல பையன். மில்லில் சூப்பர்வைசர், அருப்புக்கோட்டையில் வீடு. மேலே சொன்ன 21 நாளும் விடாமல் போனான். அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவள் உபவாசம் இல்லை. காலை நாலரைக்கு எழுந்து பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்குக் கஞ்சி வைத்து, உபவாசம் முடிந்து வருகிறவனுக்கு எண்ணெய் இல்லாத குழம்பு தனியாக வைத்து, பிறகு பஸ்ஸுக்கு ஓடுவாள். கடைசி நாள் மதிய உணவுக்குக் காய் நறுக்கவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், டீச்சருக்கு அன்று லீவுதானே என்று. நன்றி கூறும்போது, 21 நாளும் தங்களை ஒடுக்கி உபவாசித்தவர்களை மேடைக்கு அழைத்தார்கள். அவனுக்கு ஒரு சால்வை போட்டார்கள். நான் பார்த்தபோது அவள் சமையல் கொட்டகையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஸ்பீக்கர் நன்றாகக் கேட்டது.

ஆம்பளைகளில் ஆளே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். எங்கள் தெருவில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். மனைவி பக்கவாதத்தில் படுத்து வருடங்கள் ஆகின்றன. காலையில் வெந்நீர் போட்டு, தூக்கி உட்காரவைத்து, துடைத்து, சேலை மாற்றி, தலைசீவி, பவுடர் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்காரவைப்பார். பிறகு ஊட்டுவார். அந்த அம்மா பாதியைத் துப்பும், எப்போதாவது அடிக்கவும் செய்யும். ஜெபக் கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. கோயிலுக்கும் மாதத்தில் ஒரு தடவை. ஆவிக்குரிய ஜீவியத்தில் கொஞ்சம் குளிர்ந்துபோனவர் என்று ஒரு சகோதரர் என்னிடம் வருத்தப்பட்டார். ஏன் வருவதில்லை என்று கண்டக்டரிடம் கேட்டேன். "டைமுக்குத் திரும்பி வரணும்ல சார். வண்டிய விட்டுட்டு வர முடியாது," என்றார்.

சிலுவையைத் தினமும் எடுக்க வேண்டும் என்பது லூக்கா எழுதிய கணக்கு. நாற்பது நாள், இருபத்தொரு நாள் என்பதெல்லாம் நாம் பேசி வாங்கிய தள்ளுபடி. ஆம்பளைகள் தள்ளுபடியில் எடுத்தோம். பெண்கள் முழு விலை கொடுத்தார்கள். ரசீது எங்கள் பேரில்.

போன மாதம் சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்கு, வயதுக்கு மரியாதையாக, என்னையும் அழைத்தார்கள். வரும் ஆண்டு உபவாச ஜெபத்தை 40 நாளாக்குவது பற்றிப் பேச்சு. நான் எழுந்து ஒரு சின்னத் திருத்தம் சொன்னேன். நாற்பது நாளாகவே இருக்கட்டும். சாப்பாட்டை வெறுக்க வேண்டாம். அந்த நாற்பது நாளும் அவரவர் வீட்டில் விடிகாலை அடுப்பை ஆம்பளைகள் பற்றவைக்கட்டும், வீட்டுப் பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும், நாம் கடைசியில் இருப்பதைச் சாப்பிடுவோம். நிறைவு நாள் கொட்டகையில் கமிட்டி அங்கத்தினர்களே கரண்டி பிடிக்கட்டும். சால்வைச் செலவும் மிச்சம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ஐயா நகைச்சுவையாகப் பேசுவார் என்றார். இன்னொருவர், நல்ல யோசனைதான், ஆனால் வாலிபர்களுக்கு உப்பு அளவு தெரியாதே என்றார். பெண்கள் சங்கத்தின் சார்பில் வந்திருந்த ஒரே அம்மா எதுவும் சொல்லவில்லை, எழுந்து எல்லோருக்கும் டீ கொண்டுவரப் போய்விட்டார்.

தீர்மானம் ஜெபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் அறுப்புப் பண்டிகை முடிந்த பிறகுதானாம்.